கடல் பக்கத்துப் பை

மே பதினெட்டுக்குப் பிறகு சூரியன் வரவில்லை.
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை,
வாடகை பாக்கி வைத்துப் போனவன் பெயரை
வீட்டில் எடுக்காதது போல.

நான் மருத்துவர்.
இங்கே ஒன்பது பேர்; ஒன்பது பேரும்
அநியாயத்துக்கு ஆரோக்கியம்.
ஏப்ரலில் ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கினேன்.
அதற்குப் பிறகு எனக்கு எல்லா நாளும் ஞாயிறு.

சுன்னிவா டிரெட்மில்லில் நடக்கிறாள்,
நடந்த கிலோமீட்டரை நார்வே வரைபடத்தில் குறிக்கிறாள்.
பெர்கனில் கிளம்பியவள் டிரான்ஹைம் தாண்டிவிட்டாள்.
ஹல்வார் ஒரே கையுறையைப்
பின்னுகிறான், பிரிக்கிறான், பின்னுகிறான்.
கம்பளி தீர்ந்துவிடுமோ என்று பயம் அவனுக்கு.

சனிக்கிழமை மட்டும் சனிக்கிழமை.
ஐவின் வாஃபிள் சுடுவான்,
பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி மேலே போடுவான்.
எல்லோரும் சட்டை மாற்றுவோம்.
மாற்றியது தெரியவேண்டுமென்று ஹல்வார் டை கட்டுவான்.
பிறகு பில்லியர்ட்ஸ்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிலையம் பனித்தட்டின் மேல்.
பனித்தட்டு கடலின் மேல்.
தட்டு நாளுக்கு ஒரு முழம் வடக்கே போகிறது,
நாங்கள் தூங்கும்போது, பல் தேய்க்கும்போது,
குச்சி நுனியில் சுண்ணாம்பு தடவும்போது.
போவது தெரியாது.
தெரிவது இவ்வளவுதான்:
மேசை நடுவில் வைத்த பந்து
கொஞ்சம் யோசிக்கும்,
பிறகு வடமேற்கு மூலைக்குக் கிளம்பிவிடும்,
பந்தி முடியுமுன்னே செருப்பைத் தேடும் விருந்தாளி மாதிரி.

கடல் பக்கத்துப் பை என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள்
எங்களுக்கு முன் குளிர்காலம் கழித்தவர்கள்.
சுவரில் பென்சில் கணக்கு:
யாருக்கு யார் எத்தனை சாக்லேட் பார் தரவேண்டும்.
கடன்பட்டவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.
கடன் எங்களோடு வடக்கே வருகிறது.

ராக்ன்ஹில் ஆடமாட்டாள்.
பனியை அளப்பது அவள் வேலை,
செயற்கைக்கோளோடு பேசும் கருவிகள் இருக்கின்றன அவளிடம்.
ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் ஒரு பந்தை நடுவில் வைத்து
உதட்டுக்குள் எண்ணுவாள்.
ஜூனில் பதின்மூன்று நொடி.
ஜூலையில் பதினொன்று.

ஜூலையில் டோர்கேர் தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்றான்.
மெக்கானிக்; கோணலைச் சகிக்காதவன்.
எல்லோரும் தூங்கிய பின்
ரசமட்டத்தோடு மேசைக்கடியில் போய்
குமிழி நடுவில் நிற்கும்வரை
பலகைத் துண்டுகளைச் செருகினான்.

அந்தச் சனிக்கிழமை யாருக்கும் ஒன்றும் விழவில்லை.
எட்டாம் பந்தை ஹல்வார் மூன்று முறை தவறவிட்டான்.
நேராக அடித்தால் நேராகப் போகும் பந்தை
எப்படி அடிப்பதென்று எங்களுக்கு மறந்திருந்தது.
டோர்கேரும் தோற்றான். ஏழு.

சுன்னிவா பந்தை எடுத்து நடுவில் வைத்தாள்.
நின்றது.
ஒன்பது பேரும் குனிந்து பார்த்தோம்.
நின்றது.
ஜெனரேட்டர் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.
"நாம நின்னுட்டோமா?" என்றான் ஐவின்.
சிரிக்க வாய் திறந்தவர்கள்
திறந்தபடியே இருந்தோம்.

யாரும் சொல்லாமலே டோர்கேர் மேசைக்கடியில் புகுந்தான்.
பலகைத் துண்டுகள் ஒவ்வொன்றாய் வெளியே வந்தன.
நாலாவதில் அவன் முதுகு பிடித்துக்கொண்டது.
மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்கொரு நோயாளி!
சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு
தரையில் மண்டியிட்டுத் தைலம் தேய்த்தேன்.

தலைக்கு மேலே பச்சைத் துணியில்
ஏதோ உருளும் ஓசை.
இந்த முறை ராக்ன்ஹில் சத்தமாக எண்ணினாள்.
ஒன்பது.
குறித்துக்கொள்ளவில்லை.
ஒரு குச்சியை எடுத்தாள்,
அடுத்த ஆட்டம் யாரோடு என்றாள்,
என்னைப் பார்த்து.

சுவரில் என் பெயருக்கு நேரே
இப்போது இரண்டு பார்.